பழவேற்காட்டிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்கள்: ஊரின் அடிமை வரலாற்றை எங்கே, எப்படித் தேடுவது?

பொன்னேரியான் (பதிவு 1)

பழவேற்காடு பற்றி ஒரு சிறு கையேடு தயாராகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஊரைப் பார்க்க வருகிறவர்களுக்கும். ஏரி, பூநாரை, கெல்ட்ரியா கோட்டை, டச்சுக் கல்லறை எல்லாம் எல்லோரும் எழுதித் தீர்த்த விஷயம். 1613-இல் கோட்டை, 1690 வரை சோழமண்டலக் கரையில் டச்சுக் கம்பெனியின் தலைமையிடம், துணி ஏற்றுமதி, வெடிமருந்துச் சாலை. இது வரை சிக்கலில்லை.

ஆனால் இதே துறையிலிருந்து மனிதர்களையும் வாங்கி ஏற்றினார்கள் என்பது எல்லா இடத்திலும் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. "அடிமை வணிகமும் நடந்தது" என்று எழுதிவிட்டு உடனே கல்லறைக்குப் போய்விடுகிறார்கள். அந்த ஒரு வரியை ஒரு முழுப் பக்கமாக்க வேண்டும், ஆதாரத்தோடு.

கேட்க வேண்டியவை நான்கு. ஆவணம் எங்கே இருக்கிறது? எத்தனை பேர் என்று சொல்ல முடியுமா? ஊருக்குள் "இங்கேதான்" என்று காட்ட ஓர் இடம் உண்டா? கல்லறை வாசலில் உள்ள எலும்புக்கூடுகள் அடிமைகளைக் குறிக்கின்றன என்று வழிகாட்டிகள் சொல்வது சரியா?

சுவடிக்கட்டு (பதிவு 2)

கடைசிக் கேள்வி சுலபம், அதை முதலில் முடித்துவிடலாம். அந்த எலும்புக்கூடுகளுக்கும் அடிமைகளுக்கும் சம்பந்தமில்லை. "நீயும் சாவாய், மறவாதே" என்று உள்ளே வருகிறவனுக்குச் சொல்லும் ஐரோப்பியக் கல்லறை மரபு அது. 17-ஆம் நூற்றாண்டில் ஹாலந்திலேயே சாதாரணம். உள்ளே கல்வெட்டோடு கிடப்பவர்கள் கம்பெனி அதிகாரிகள், வணிகர்கள், அவர்கள் வீட்டார். விலைக்கு வாங்கப்பட்டவருக்கு அங்கே கல் கிடையாது.

இப்போது முதல் கேள்வி. ஆட்களை ஏற்றிய ஊரில் ஆவணம் தேடினால் கை காயும். இறக்கிய ஊரிலும், கணக்குக் கேட்ட தலைமை இடத்திலும் தேட வேண்டும். பழவேற்காட்டுக் கோட்டைக் காகிதங்கள் ஒரே இடத்தில் இருந்ததே இல்லை. 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. 1781-இல் ஆங்கிலேயர் இரண்டு ஊரையும் பிடித்தார்கள். பழவேற்காட்டைத் திருப்பிக் கொடுத்து, 1795-இல் மறுபடி பிடித்து, கடைசியில் 1824 ஒப்பந்தப்படி மொத்தமாக எடுத்துக்கொண்டார்கள். இத்தனை கைமாற்றத்தில் எது தங்கும்?

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் "டச்சுத் தொகுதிகள்" இருக்கின்றனவே என்று பலர் ஓடுவார்கள். அவற்றில் பெரும்பகுதி கொச்சியைச் சேர்ந்தவை. மலபார் அடிமை வணிகத்துக்குப் பொன்னான சரக்கு, பழவேற்காட்டுக்குச் சொற்பம்.

தப்பிப் பிழைத்தது எது என்றால், ஒவ்வோர் ஆண்டும் இங்கிருந்து பட்டாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) அங்கிருந்து ஹாலந்துக்கும் போன கடிதக் கட்டுகளின் படிகள். அவை ஹேக் நகரத் தேசியக் காப்பகத்தில் 1.04.02 என்ற தொகுப்பெண்ணில் இருக்கின்றன. பக்கம் பக்கமாகப் படமெடுத்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். குளோபலைஸ் என்ற திட்டத்தார் அந்தக் கையெழுத்தை இயந்திரத்தால் படிக்கவைத்து, சொல் போட்டுத் தேடும்படி செய்திருக்கிறார்கள். ஹேக் போக வேண்டியதில்லை, பொன்னேரியில் உட்கார்ந்தே பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை: டச்சுக் கம்பெனியின் சுருக்கப் பெயர் VOC. ஆனால் தமிழில் "வ.உ.சி." என்றோ "வி.ஓ.சி." என்றோ போட்டுத் தேடாதீர்கள். கப்பலோட்டிய தமிழர்தான் வருவார்.

பொன்னேரியான் (பதிவு 3)

நன்றி ஐயா. அந்தத் தேடலில் "புலிகாட்" என்று போட்டுப் பார்த்தால் ஒன்றுமே வரவில்லையே? அடிமை என்பதற்கு அகராதியில் உள்ள டச்சுச் சொல்லைப் போட்டாலும் கொஞ்சம்தான் வருகிறது.

சுவடிக்கட்டு (பதிவு 4)

வராது. புலிகாட் ஆங்கிலேயர் எழுத்து. டச்சு எழுத்தர் "பாலியாகட்டெ" என்று எழுதுவார். அதிலும் ஒரு எல்லா இரண்டு எல்லா, கடைசியில் ஈயா ஏயா என்று ஆளுக்கொரு விதம். கோட்டையைக் குறிக்கும்போது ஊர்ப் பெயரே இல்லாமல் வெறும் "கெல்ட்ரியா" என்றே இருக்கும். தேவனாம்பட்டினம் "தெகெனபட்னம்" ஆகிவிடும். நாகப்பட்டினம், தூத்துக்குடி, சதுரங்கப்பட்டினம், பரங்கிப்பேட்டை எல்லாவற்றுக்கும் இப்படி நாலைந்து உருவம் உண்டு. தேடத் தொடங்கும் முன் ஒரு தாளில் ஊருக்கு ஆறேழு எழுத்துக்கூட்டல் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

அடிமைக்கும் அப்படியே. "ஸ்லாவன்" என்பதில் நெடிலை ஏஏ என்றும் ஏஈ என்றும் எழுதுவார்கள். பெண்ணுக்கு "ஸ்லாவின்". சட்ட நடையில் "லைஃப்ஐகன்", அதாவது உடலோடு சொந்தமான ஆள். பழைய கையெழுத்தில் சொல்லின் முதலில் வரும் நெடிய எஸ், இயந்திரத்தின் கண்ணுக்கு எஃப் போலத் தெரியும். அதனால் முதலெழுத்தை விட்டுவிட்டு அதன் இடத்தில் எந்த எழுத்துக்கும் நிற்கும் குறியைப் போட்டு மீதியைத் தேடினால் இன்னும் நிறைய வரும். கணக்குத் தாள்களிலோ அடிமை என்ற சொல்லே இருக்காது. "இத்தனை தலை", "இத்தனை உருப்படி" என்று மட்டும் இருக்கும். முன்பின் வரி படித்தால்தான் மாடா, மனிதரா, துணிக்கட்டா என்று தெரியும்.

வரிசை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்:

1. முதலில் ஆண்டைத் தேர்ந்தெடுங்கள், சொல்லை அல்ல. பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகள்தான் குறி. கணக்குப்பிள்ளை கீழே பட்டியல் போடுவார் என்று நினைக்கிறேன்.
2. அந்த ஆண்டின் சோழமண்டலக் கட்டைத் திறந்து, கட்டின் முன்னால் இருக்கும் உள்ளடக்கப் பதிவேட்டைப் படியுங்கள். எந்தக் கடிதம், யாருக்கு, எந்தத் தேதி என்று அதில் இருக்கும்.
3. ஆளுநர் எழுதிய கடிதத்தில் "வாங்கினோம்" என்ற எண்ணையும், கப்பலின் சரக்குச் சீட்டில் "ஏற்றினோம்" என்ற எண்ணையும் தனித்தனியாகக் குறியுங்கள்.
4. அதே கப்பல் பட்டாவியா சேர்ந்த நாளைப் பட்டாவியா நாட்குறிப்பில் பிடித்து, "இறங்கியவர்" எண்ணைக் குறியுங்கள். பல ஆண்டுகளின் நாட்குறிப்பு அச்சிலேயே கிடைக்கிறது.

மூன்று எண்ணும் ஒன்றாக இருக்காது. வாங்கியதற்கும் ஏற்றியதற்கும் நடுவே கரையில் காத்திருந்து செத்தவர்கள், தப்பியவர்கள். ஏற்றியதற்கும் இறங்கியதற்கும் நடுவே கடலில் செத்தவர்கள். எந்த எண்ணை எடுத்தீர்கள் என்று சொல்லாமல் "இத்தனை பேர்" என்று அச்சிட்டால் அந்தப் பக்கம் குப்பை.

இன்னொன்று. டச்சுக் கப்பல் பயணங்களின் பெரிய பட்டியல் ஒன்று இணையத்தில் புகழ்பெற்றது. அது ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையிலான பயணங்களுக்கு மட்டும். பழவேற்காடு–பட்டாவியா ஓட்டம் ஆசியாவுக்குள் நடந்தது. அதில் தேடி "கப்பலே இல்லை" என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

கணக்குப்பிள்ளை (பதிவு 5)

ஆண்டுகள் இதோ. கம்பெனி ஒவ்வோர் ஆண்டும் ஒரே அளவில் ஆள் வாங்கவில்லை. அலை அலையாக வாங்கியது. ஒவ்வோர் அலைக்கும் இந்தப் பக்கம் ஒரு பஞ்சமோ படையெடுப்போ, அந்தப் பக்கம் ஓர் ஆள்பஞ்சம்.

1622–23: பழவேற்காடு, தேவனாம்பட்டினம் போன்ற நடுக்கரைத் துறைகளிலிருந்து சுமார் 1,900 பேர். இங்கே விஜயநகர வாரிசுச் சண்டை ஓயாத காலம். அங்கே 1619-இல் பட்டாவியா நகரம் புதிதாக எழும்புகிறது. 1621-இல் பண்டா தீவு மக்களைக் கம்பெனி கொன்றும் துரத்தியும் தீர்த்துவிட்டு, சாதிக்காய்த் தோட்டத்துக்கு ஆள் தேடுகிறது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் ஏன் 1622 என்று பிள்ளைகளுக்குப் புரியும்.

1646: பட்டாவியாவுக்கு 2,118 பேர். பெரும்பாலும் தென்கரையிலிருந்து.

1659–61: எல்லாவற்றிலும் பெரியது. பீஜப்பூர்ப் படைகள் தஞ்சை நாட்டைத் திரும்பத் திரும்ப அழித்தன. நாகப்பட்டினம், பழவேற்காடு, மற்ற துறைகளில் சேர்த்து 8,000 முதல் 10,000 பேர் வரை வாங்கப்பட்டார்கள். பெரும்பகுதி இலங்கைக்கு, கொஞ்சம் பட்டாவியாவுக்கும் மலாக்காவுக்கும். 1658-இல்தான் டச்சுக்காரர் யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் போர்ச்சுக்கீசியரிடமிருந்து பிடித்திருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். வாங்கும் துறையும் இறக்கும் தீவும் ஒரே ஆண்டில் கைக்கு வந்தன.

1673–77: மதுரைக் கரையிலிருந்து 1,839 பேர்.

1687–88: முகலாயப் படை தெற்கே வருகிறது, மழை பொய்க்கிறது. தஞ்சை நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கானோர் விற்கப்பட்டு, ஆசிய வணிகர் கப்பல்களில் நாகப்பட்டினம் வழியாக அச்சே, ஜோகூர் போனார்கள். பெரும்பாலும் பெண்பிள்ளைகளும் சிறுவர்களும். டச்சுக்காரர் மட்டுமல்ல என்பதற்கு இது ஒன்று. 1687 செப்டம்பரில் சென்னைக் கோட்டையிலிருந்து ஆங்கிலேயர் 665 பேரை ஏற்றியது இன்னொன்று.

1694–96: தனியார் மூலம் இலங்கையில் இறக்கப்பட்டவர்கள் 3,859.

இந்த எண்களை எடுத்துப் "பழவேற்காட்டிலிருந்து" என்று போடாதீர்கள். முதல் வரியில் கூட ஊர் இரண்டு, மூன்று சேர்ந்தே வருகிறது. இணையத்தில் பழவேற்காட்டின் பெயரிலேயே பெரிய கூட்டுத்தொகைகள் சுற்றுகின்றன. எந்தத் துறை, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, வாங்கியதா ஏற்றியதா, கம்பெனிக் கணக்கா தனியார் சேர்த்தா என்று நாலு கேள்வி கேளுங்கள். பதில் வராத எண்ணை விட்டுவிடுங்கள்.

கடற்கரைவாசி (பதிவு 6)

அண்ணே, ஒரு சந்தேகம். வெள்ளைக்காரன் வந்து பிடித்துக்கொண்டு போனான் என்றுதானே ஊரில் சொல்வது? பஞ்சத்தில் "விற்கப்பட்டார்கள்" என்றால் விற்றது யார்?

ஓலைவாசகர் (பதிவு 7)

இந்தக் கேள்வியில்தான் பெரும்பாலான ஊர் வரலாறுகள் வாயை மூடிக்கொள்கின்றன.

கரையில் ஆள் பிடிப்பதும் நடந்தது. பிள்ளைகளைத் திருடி விற்றதாகப் புகார்களும் ஆவணத்தில் உண்டு. ஆனால் பெரும் அலைகளில் கம்பெனி தரகர் வழியாகக் காசு கொடுத்து வாங்கியது. பஞ்சத்தில் பெற்றவரே பிள்ளையை விற்றது உண்டு, தன்னையே விற்றுக்கொண்டவர் உண்டு, ஏற்கெனவே பிறருக்கு அடிமையாக இருந்தவரை உடையவர் விற்றதும் உண்டு. வாங்கவும் விற்கவும் பழக்கமும் எழுத்து முறையும் இங்கே முன்பே இருந்தன.

திருவாரூர்ப் பக்கம் திருப்பாம்புரம் கோயில் கல்வெட்டைப் பாருங்கள். 1201, மூன்றாம் குலோத்துங்கன் காலம். காசுக்கு மூன்று நாழி நெல் விற்ற பஞ்சம். ஒரு வெள்ளாளரும் அவருடைய இரண்டு பெண்களும் 110 காசுக்குக் கோயிலுக்குத் தங்களை விற்றுக்கொள்கிறார்கள். காசுக்கு மூன்று நாழி என்ற அந்த ஒரு விலையைக் கல்லில் சேர்த்து வெட்டியிருப்பதால் காரணம் நமக்குத் தெரிகிறது. 450 ஆண்டு கழித்து அதே டெல்டாவில் அதே காரணம். வாங்குகிறவன் மட்டும் கப்பலோடு நிற்கிறான்.

ஆள் விற்ற ஓலைகளில் என்ன இருக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன், யார் வீட்டுப் பரணிலாவது கிடைக்கலாம். தலைப்பில் ஆண்டு, மாதம், தேதி. விற்பவர் பேரும் ஊரும், வாங்குபவர் பேரும் ஊரும். விற்கப்படும் ஆளின் பெயர், சில சமயம் தாய் பெயர், வயது. விலை. "பரம்பரை பரம்பரையாக" அல்லது "சந்திராதித்தவரை" என்ற தொடர். அதுதான் பிள்ளைகளையும் சேர்த்துக் கட்டிவைப்பது. கடைசியில் சாட்சிகள், எழுதியவர் பேர். விற்காமல் அடகு வைத்திருந்தால் "ஒற்றி" என்று இருக்கும். ஆண்டு சகாப்தமாக இருந்தால் 78 கூட்டுங்கள், கொல்லமாக இருந்தால் மாதத்தைப் பொறுத்து 824 அல்லது 825. தை முதல் பங்குனி வரையுள்ள மாதமாக இருந்தால் சகாப்தத்துக்கு 79 கூட்ட வேண்டிவரும். அறுபதாண்டுப் பெயர் மட்டும் இருந்தால், பிரமாதி, விக்ரம என்று, அது அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். வாங்குபவர் யார் என்று வேறு வழியில் உறுதி செய்யாமல் ஆண்டு போடாதீர்கள்.

ஓலையைத் துடைக்கிறேன் என்று தண்ணீர் தொடாதீர்கள், எண்ணெயும் பூசாதீர்கள். மென்மையான தூரிகையால் தூசு தட்டி, பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்தால் போதும். கீறல் எழுத்து அதில்தான் எழும்பி நிற்கும்.

கடற்கரைவாசி (பதிவு 8)

அப்படியென்றால் "இங்கே எல்லாம் முன்பே இருந்தது, டச்சுக்காரன் மேல் தப்பில்லை" என்று ஆகிவிடாதா? கையேட்டைப் படித்து நாலு பேர் அதைத்தான் சொல்வார்கள்.

கணக்குப்பிள்ளை (பதிவு 9)

ஆகாது. உள்ளூரில் அடிமைப்பட்டவர் ஊரோடு, சனத்தோடு, தன் மொழியோடு இருந்தார். கொடுமை குறைவு என்று சொல்லவில்லை. ஆனால் கடல் தாண்டியவருக்குத் திரும்பும் வழி அடைபட்டது, பெயர் கூட மாற்றப்பட்டது. கம்பெனி பஞ்சத்தை ஒரு கொள்முதல் காலமாகப் பார்த்தது. எந்த மாவட்டத்தில் அரிசி ஏறுகிறது, எத்தனை ஆள் மலிவாகக் கிடைக்கும் என்று பட்டாவியாவுக்குக் கடிதம் போகிறது. தேவையைப் பெருக்கி, கப்பலும் காசும் கொண்டுவந்து நிறுத்தியவன் பொறுப்பு தனி. விற்றவர் பொறுப்பு தனி. இரண்டையும் எழுதுங்கள், ஒன்றை வைத்து இன்னொன்றைக் கழிக்காதீர்கள்.

பொன்னேரியான், உங்கள் வட்டாரத்து வயல் அடிமை முறையை விட்டுவிட்டும் எழுத வேண்டாம். 1819-இல் சென்னை வருவாய் வாரியம் ஆட்சியர்களிடம் அடிமை முறை பற்றி அறிக்கை கேட்டது. செங்கல்பட்டு, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி என்று பதில்கள் வந்தன. பழவேற்காடு 1825-க்குப் பிறகு செங்கல்பட்டு மாவட்டம், பொன்னேரி வட்டத்தில்தான் வந்தது. அந்தப் பதில்கள் பிரிட்டிஷ் பாராளுமன்றத் தாள்களாக அச்சேறின. ஸ்கேன் செய்தவை இணையத்தில் உண்டு. மூலம் எழும்பூரில் வாரிய நடவடிக்கைத் தொகுதிகளில். கேட்கும்போது "அடிமை" என்று கேட்டால் ஊழியர் உதட்டைப் பிதுக்குவார். ஆண்டு, மாதம், வாரிய நடவடிக்கை என்று கேளுங்கள். முதலில் அந்த ஆண்டின் அகரவரிசைத் தொகுதியை வாங்கிப் பக்க எண் குறித்துக்கொண்டு, பிறகு மூலத்துக்குச் சீட்டுப் போடுங்கள்.

யாழ்வாசகி (பதிவு 10)

இலங்கைப் பக்கத்திலிருந்து சில குறிப்புகள்.

1659–61 அலையில் கொண்டுவரப்பட்டவர்களைத் தேட வேண்டிய இடம் கொழும்புத் தேசிய ஆவணக் காப்பகத்தின் டச்சுத் தொகுதிகளும், ஹேக் கட்டுகளில் "செய்லான்" என்று குறித்த பகுதியும். சோழமண்டலப் பகுதியில் மட்டும் தேடினால் பாதிக் கதைதான். ஏற்றிய கடிதம் அங்கே, இறக்கிய கணக்கு இங்கே.

யாழ்ப்பாணத்தில் தேசவழமையை, அதாவது அங்குள்ள வழக்குச் சட்டத்தை, 1707-இல் டச்சுக்காரர் எழுத்தில் தொகுத்தபோது அடிமைகள் பற்றியும் அதில் விதிகள் சேர்ந்தன. யார் யாருக்குப் பிறந்த பிள்ளை யாருக்குச் சொந்தம், விடுதலை எப்படி என்றெல்லாம். அது ஏற்கெனவே அங்கே இருந்த சாதி அடிமை முறை. கரையிலிருந்து வாங்கி வந்தவர்களை அதோடு அப்படியே சேர்த்து எண்ணக் கூடாது. கொழும்பில் கொம்பனித்தெரு இருக்கும் இடம் கம்பெனி தன் அடிமைகளை இரவில் வைத்திருந்த இடம். ஆங்கிலத்தில் நெடுங்காலம் அடிமைத் தீவு என்றே பெயர். ஊருக்குள் "இங்கேதான்" என்று காட்ட அங்கே ஆதாரம் இருக்கிறது. உங்களுக்கு அப்படி ஒன்று கிடைக்காவிட்டால் கற்பனையில் ஒன்றை நட வேண்டாம்.

கடைசியாக, இலங்கையில் அடிமை முறை சட்டப்படி முடிந்தது 1844. 1833 ஆங்கிலச் சட்டத்தை எடுத்து எல்லா இடத்துக்கும் ஒட்டிவிடுகிறார்கள். அந்தச் சட்டமே கிழக்கிந்தியக் கம்பெனி நிலப்பகுதியையும் இலங்கையையும் விலக்கிவைத்தது.

ஓலைவாசகர் (பதிவு 11)

யாழ்வாசகி சொன்னதோடு இந்தியத் தேதிகளையும் சேர்த்துவிடுங்கள் பொன்னேரியான். 1843-இன் ஐந்தாம் சட்டம் யாரையும் "விடுவிக்க" இல்லை. ஒருவரை அடிமை என்று உரிமை கோரி வந்தால் நீதிமன்றம் ஏற்காது என்றது, அவ்வளவுதான். வைத்திருப்பது குற்றம் ஆகவில்லை. ஆளை அடிமையாக வாங்குவது, விற்பது குற்றமானது 1860 தண்டனைச் சட்டத்தில், 370, 371 பிரிவுகள். அமலுக்கு வந்தது 1862 ஜனவரி 1. இடையில் ஓலைகள் நின்றன, கடன் பத்திரங்கள் வந்தன. பண்ணையாள், படியாள் என்று அதே குடும்பம் அதே களத்தில் நின்றது. டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளில் சட்டப்படி முடிவு 1860 ஜனவரி 1. தென்னாப்பிரிக்கக் கேப்பில் 1834 டிசம்பர் 1, அதன் பிறகும் நாலு ஆண்டு "பயிற்சியாள்" என்ற பெயரில் கட்டிவைத்தார்கள்.

பொன்னேரியான் (பதிவு 12)

கேப் என்றதும் கேட்கிறேன். அங்கே "பழவேற்காட்டுக்காரர்" என்று பெயருள்ள ஆட்கள் ஆவணத்தில் இருக்கிறார்கள் என்று படித்தேன். பெயரோடு ஒரு மனிதரைக் காட்ட முடிந்தால் பிள்ளைகளுக்கு எண்ணைவிட அது பதியும்.

கேப்_தேடல் (பதிவு 13)

இருக்கிறார்கள். அங்கே அடிமைகளுக்கு ஒரு புதுப் பெயர், பின்னால் "வான்" போட்டு ஓர் ஊர். வான் பாலியாகட்டெ, வான் நாகபட்னம், வான் துதுக்கொரெய்ன், வான் திராங்கெபார் (தரங்கம்பாடி), அல்லது பொதுவாக "வான் டெ குஸ்ட்", அதாவது கரையிலிருந்து வந்தவர். முன்பெயர் பெரும்பாலும் எசமானன் வைத்தது. ஜனவரி, செப்டம்பர் என்று மாதப் பெயர்கள், சிப்பியோ, குபீடோ என்று ரோமப் பெயர்கள். உண்மைப் பெயர் பெரும்பாலும் இல்லை.

ஊர்ப் பெயரையும் பிறந்த ஊர் என்று நம்பிவிடாதீர்கள். பெரும்பாலும் அது விற்ற துறை, அல்லது ஏற்றிய துறை. 1620-களிலிருந்தே அரக்கானிலும் (இன்றைய மியான்மரின் மேற்குக் கரை) வங்காளத்திலும் பிடிபட்டவர்களைக் கம்பெனி வாங்கிப் பழவேற்காட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறது. அப்படி வந்தவர் மறுபடி கப்பலேறினால் அவரும் பாலியாகட்டெக்காரர் ஆகலாம். தெலுங்கு பேசும் உள்நாட்டுக் கிராமத்தவரும் ஆகலாம். ஆகவே உங்கள் ஊர் ஆட்கள் போன துறை மட்டுமல்ல, வெளியாட்கள் அடிமைகளாக வந்து இறங்கிய துறையும்கூட. இது கையேட்டில் கட்டாயம் வர வேண்டும்.

பெயரோடு ஒருவர்: கத்தரீனா வான் பாலியாகட்டெ. ஆவணங்களில் "பெரிய கத்ரெய்ன்". பட்டாவியாவில் அடிமை. 1656-இல் தன்னோடு பழகிய ஆளைக் கொன்ற வழக்கில் மரண தண்டனை விதித்து, பிறகு அதை நாடுகடத்தலாகக் குறைத்து, 1657-இல் கேப்புக்கு அனுப்பினார்கள். கம்பெனியின் கேப் தளபதி வான் ரீபெக் அங்கே கோட்டை கட்டி ஐந்து ஆண்டுதான் ஆகியிருந்தது. கத்தரீனா பின்னாளில் விடுதலையாகி அங்கேயே குடும்பமானார். அவர் வழியில் வந்ததாகத் தங்கள் வம்சாவளியைச் சொல்லும் குடும்பங்கள் இன்றும் உண்டு. வழக்கு நடந்ததால்தான் இவ்வளவு எழுதப்பட்டது. குற்றம் சாட்டப்படாத ஆயிரம் பேருக்கு ஒரு வரி கூட இல்லை.

தேடுகிறவர்களுக்கு: கேப் டவுன் காப்பகத்தில் அனாதைகள் சொத்து மன்றத்தின் சொத்துப் பட்டியல்கள் இருக்கின்றன, எட்டாம் வரிசை. தட்டச்சு செய்த படி இணையத்தில் இலவசம். ஒருவர் செத்ததும் வீட்டில் இருப்பதை அறை அறையாக எழுதுவார்கள். முன்னறையில் மேசை, கண்ணாடி. சமையலறையில் செப்புப் பாத்திரம். கொட்டிலில் இத்தனை மாடு. அதே நடையில் அடுத்த வரியில் "ஒரு யோங்கன், இன்னார், வான் பாலியாகட்டெ", பக்கத்தில் ரிக்ஸ்டாலர் என்ற அக்காலப் பணத்தில் விலை. "யோங்கன்" என்றால் பையன் என்று அகராதி சொல்லும். இந்தப் பட்டியல்களில் நாற்பது வயது ஆளும் யோங்கன்தான், "மெய்ட்" என்றால் எந்த வயதுப் பெண்ணும்தான். வயதுக் கணக்கு போடப் போய் எத்தனையோ பேர் "குழந்தை அடிமைகள்" என்று தவறாக எழுதிவைத்திருக்கிறார்கள்.

கடற்கரைவாசி (பதிவு 14)

ஊருக்குள் இடம் பற்றி யாரும் சொல்லவில்லையே. கோட்டை அகழி இருக்கிறதே, அதுக்குப் பக்கத்தில்தான் அடைத்துவைத்தார்கள் என்று சொல்கிறார்கள்.

சுவடிக்கட்டு (பதிவு 15)

அகழியும் மேடும் தவிரக் கோட்டையில் இன்று பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை. அடைத்த அறை இன்னதென்று வரைபடம் காட்டாமல் குறி நடாதீர்கள். ஹேக் காப்பகத்தின் நிலப்படத் தொகுப்பில் கோட்டையின் படங்களைத் தேடுங்கள். எழுத்துக் குறியிட்ட அறைகளுக்கு ஓரத்தில் விளக்கம் தரும் படம் கிடைத்தால், அதில் அடிமைகள் தங்கிய இடம் குறிக்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு. இல்லாவிட்டால் விடுங்கள்.

ஆதாரத்தோடு காட்டக் கூடிய ஓர் இடம் இருக்கிறது: முகத்துவாரமும் வெளிக்கடற்கரையும். ஏரியின் வாய் ஆழமில்லாதது, மணல் நகர்ந்துகொண்டே இருக்கும். பெரிய கப்பல் உள்ளே வராது, வெளிக்கடலில் நங்கூரம் போடும். துணியானாலும் ஆளானாலும் படகில் ஏற்றி, அலையைத் தாண்டிக் கப்பலுக்குக் கொண்டுபோக வேண்டும். ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த மசூலா படகுதான் இந்தக் கரையின் அலைக்குத் தாங்கும். ஐரோப்பியப் படகு இறங்கினால் கவிழும். ஆகவே கப்பலேற்றம் உள்ளூர்ப் படகும் உள்ளூர்த் துடுப்பும் இல்லாமல் நடந்திருக்காது. வாய் இடம் மாறிக்கொண்டே இருப்பதால் "இந்த மணல்மேடு" என்று சொல்லாமல் "இந்தக் கரை நெடுக" என்று எழுதுங்கள்.

கணக்குப்பிள்ளை (பதிவு 16)

தேதி விஷயத்தில் ஒன்று விட்டுப்போயிற்று. சென்னைக் கோட்டையின் ஆலோசனைப் பதிவேடுகளையும் பார்ப்பீர்கள் இல்லையா? ஆண்டு வாரியாக அச்சிட்டவை இணையத்தில் இருக்கின்றன. 1688-இல் சென்னையிலிருந்து அடிமைகளைக் கப்பலேற்றத் தடை போட்ட உத்தரவும் அங்கேதான். மனம் இரங்கியதைவிட முகலாய ஆட்சியோடு வம்பு வேண்டாம் என்ற கணக்கு அதில் பெரிது.

சிக்கல் என்னவென்றால் ஆங்கிலேயர் 1752 வரை பழைய நாட்காட்டி. டச்சு ஆவணத்துக்கு 17-ஆம் நூற்றாண்டில் 10 நாள் பின்னால் இருக்கும். போதாக்குறைக்கு அவர்களுக்கு ஆண்டு பிறப்பது மார்ச் 25. பிப்ரவரி 1687 என்று அவர்கள் எழுதியது நம் கணக்கில் பிப்ரவரி 1688. ஒரே கப்பல் சென்னையில் ஒரு தேதி, பழவேற்காட்டில் ஒரு தேதி என்று இருந்தால் இரண்டு கப்பல் என்று எண்ணிவிடாதீர்கள்.

பொன்னேரியான் (பதிவு 17)

பக்கத்தின் முதல் வரைவு. கிழித்துத் தாருங்கள்:

"17-ஆம் நூற்றாண்டில் பழவேற்காடு வழியாக டச்சுக் கம்பெனி ஆயிரக்கணக்கான தமிழர்களை அடிமைகளாகப் பிடித்துச் சென்றது. 1622–23-இல் மட்டும் 1,900 பேர் இங்கிருந்து பட்டாவியாவுக்கு அனுப்பப்பட்டனர். இந்தக் கொடுமை 1843-இல் முடிவுக்கு வந்தது."

ஓலைவாசகர் (பதிவு 18)

மூன்று வரியில் ஐந்து தவறு. "தமிழர்களை": தெலுங்கர், வங்காளத்தவர், அரக்கான் வழி வந்தவர் எல்லாம் உண்டு. "பிடித்து": பெரும்பாலும் வாங்கி. "இங்கிருந்து": தேவனாம்பட்டினத்தை விட்டுவிட்டீர்கள். "மட்டும்" எடுத்துவிடுங்கள், "சுமார்" சேருங்கள். 1843 பற்றி மேலே சொல்லியாயிற்று. அதுவும் கடல் வணிகத்துக்கு அந்தத் தேதி பொருந்தவே பொருந்தாது.

என் வரைவு: "1622–23-இல் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் முதலிய துறைகளிலிருந்து டச்சுக் கம்பெனி சுமார் 1,900 பேரை அடிமைகளாக வாங்கிக் கப்பலேற்றியது. நாட்டில் போர், பட்டாவியாவிலும் பண்டாவிலும் கம்பெனிக்கு ஆள் தேவை. விற்றவர்களில் உள்ளூர்த் தரகரும் இருந்தனர். வங்காளத்திலும் அரக்கானிலும் பிடிபட்டவர்கள் இதே துறையில் கொண்டுவந்து இறக்கப்பட்டனர். ஊரைச் சுற்றியிருந்த வயல்களில் பரம்பரை அடிமைமுறை கப்பல்கள் வருமுன்பும் இருந்தது, போன பின்பும் இருந்தது."

சாதிப் பெயர் போடுவதா என்று அடுத்துக் கேட்பீர்கள். 1819 அறிக்கைகள் போட்டிருக்கின்றன. மேற்கோளாக எடுத்தால் அப்படியே, யார் எழுதியது என்ற குறிப்போடு. நம் வாக்கியத்தில் எந்த முறையில் கட்டுண்டிருந்தார்கள் என்று எழுதினால் போதும். நில உடைமையாளர் யார் என்பதைச் சொல்லாமல் ஒரு பக்கப் பெயரை மட்டும் அச்சிடுவதுதான் எல்லாக் கையேட்டிலும் நடக்கிற அநியாயம்.

பொன்னேரியான் (பதிவு 19)

ஏற்றுக்கொண்டேன். கத்தரீனாவுக்குத் தனிப் பெட்டி போடுகிறேன். வரைபடத்தில் பழவேற்காட்டிலிருந்து பட்டாவியா, இலங்கை, மலாக்கா, கேப் நாலுக்கும் அம்பு போடலாம் அல்லவா? எண்ணுக்குத் தக்கபடி தடிமனாக?

கேப்_தேடல் (பதிவு 20)

தடிமன் வேண்டாம். துறை வாரியாகப் பிரித்த எண் உங்களிடம் இல்லாதபோது தடித்த அம்பு பொய் சொல்லும். எல்லாம் ஒரே அளவில் இருக்கட்டும். கேப் அம்பைப் பழவேற்காட்டிலிருந்து நேராக இழுக்காதீர்கள். பலர் பட்டாவியா அல்லது இலங்கை வழியாகப் போனவர்கள், கத்தரீனாவே பட்டாவியாவிலிருந்து போனவர். அந்தத் துண்டைப் புள்ளிக்கோடாகப் போடுங்கள். வங்காளம், அரக்கானிலிருந்து பழவேற்காட்டை நோக்கி வரும் அம்பு ஒன்றையும் மறக்காமல் சேருங்கள். அச்சுக்குப் போகும் முன் படத்தை இங்கே ஏற்றினால் பார்த்துச் சொல்கிறோம்.